வசந்தகாலத்துக்கு ஒரு குயில்ட், ஒரு பாத்தி, எட்டு எம்பிராய்டரிச் சதுரங்கள்: புதியவர்களுக்கான வழிகாட்டி

குயில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை), எம்பிராய்டரி, தோட்டம் என்று மூன்றையும் ஒன்றாகத் தொடங்க நினைப்பவர்களிடம், "முதலில் ஒன்றை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். வசந்தகாலத்தைப் பொறுத்தவரை நான் நேர்மாறாகச் சொல்வேன். இந்தப் பருவத்தில் வானிலை இன்று போல நாளை இருக்காது. காலையில் வெயில், மதியம் மழை, இரவில் குளிர். தோட்டத்தை மட்டும் நம்பி உட்கார்ந்தால் பாதி நாள் காத்திருப்பதிலேயே போய்விடும். பொறுக்க முடியாமல் ஈர மண்ணைக் கொத்துவதும், குளிர் விலகும் முன்பே நாற்றை நட்டுவிடுவதும் அப்போதுதான் நடக்கும். கையில் தையல் வேலை ஒன்று இருந்தால் மண் காயும்வரை மனம் பொறுத்திருக்கும். விதை முளைக்கும் வாரத்தில் துணி வெட்டலாம், மழை நாளில் சதுரங்களை இணைக்கலாம், வெயில் வந்ததும் எம்பிராய்டரி வளையத்தை எடுத்துக்கொண்டு செடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பூவைப் பார்த்துப் பார்த்துத் தைக்கலாம்.

அதனால் மூன்றையும் ஒரே திட்டத்தில் கோத்துவிடுவோம். 36 அங்குலத்துக்கு 36 அங்குலம், மடியில் போட்டுக்கொள்ளும் அளவில் ஒரு சிறு குயில்ட். அதில் வரிசைக்கு 8 சதுரமாக 8 வரிசை. முதல் 7 வரிசையும் பூப்போட்ட பருத்தித் துணி. பருவத்தின் தொடக்கத்திலேயே தைத்து முடித்துவிடுவோம். எட்டாவது வரிசை காலியாகக் காத்திருக்கும். உங்கள் பாத்தியில் என்ன முளைக்கிறதோ, என்ன பூக்கிறதோ அதைச் சதுரம் சதுரமாக எம்பிராய்டரி செய்து, பருவம் முடியும்போது அந்த வரிசையைச் சேர்ப்போம். எட்டும் முடியாமல் ஐந்துதான் ஆயிற்று என்றாலும் கவலையில்லை. மீதி மூன்று இடத்தில் வெறும் துணிச் சதுரம் வைத்துத் தைத்துக்கொள்ளலாம்.

முதலில் நாள் குறியுங்கள்

வட கோளத்தில் மார்ச் முதல் மே வரை, தென் கோளத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை வசந்தம். தோட்டக்காரருக்கு இதைவிட முக்கியமானது கடைசி உறைபனி நாள். உங்கள் பகுதியில் வழக்கமாக எந்தத் தேதிக்குப் பிறகு இரவில் உறைபனி விழாது என்பதை வானிலைத் துறையிடமோ அக்கம்பக்கத்தில் தோட்டம் போடுபவர்களிடமோ கேட்டு நாட்காட்டியில் வட்டமிடுங்கள். உறைபனியே விழாத இடம் என்றால் கணக்கு மாறும்: கடும் வெயில் எப்போது தொடங்கும் என்பதைப் பார்த்து, அதற்கு முன் செடி வேர் பிடித்துவிடும்படி விதைக்க வேண்டும்.

அந்த வட்டத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தக்காளி வேண்டுமென்றால் 6 முதல் 8 வாரத்துக்கு முன்பே வீட்டுக்குள் சிறு தொட்டிகளில் விதைக்க வேண்டும். பட்டாணி, ஸ்வீட் பீ, முள்ளங்கி, கேலண்டுலா போன்றவை குளிரைத் தாங்கும். மண் பக்குவமானதும் நேரே பாத்தியில் போடலாம். நாஸ்டர்டியம், ஜினியா, காஸ்மாஸ், துலுக்கச் சாமந்தி ஆகியவை குளிருக்கு வாடிப்போகும். அவை அந்த வட்டத்துக்குப் பிறகுதான்.

துணி வாங்கும்போது

பருத்தி மட்டும் வாங்குங்கள். சேலைபோல் வழுக்கும் துணியும் இழுபடும் துணியும் முதல் குயில்ட்டுக்கு வேண்டாம். வழக்கமான 44 அங்குல அகலத் துணியில், இரு பக்கக் கரையும் போக ஏறத்தாழ 42 அங்குலம் கைக்கு வரும். 5 அங்குல உயரத்துக்கு ஒரு பட்டை வெட்டினால் அதிலிருந்து சரியாக 8 சதுரம் கிடைக்கும், அதாவது ஒரு வரிசைக்கான கணக்கு. ஆக, 7 வகைப் பூத்துணியில் தலா 15 சென்டிமீட்டர் போதும். ஓரத்தை நேராக்கிக்கொள்ளும் இடமும் அதிலேயே அடங்கிவிடும்.

எம்பிராய்டரிக்கு வெளிர் நிறத்தில் வெறும் பருத்தித் துணி அரை மீட்டர், அடித்துணிக்கு 1.10 மீட்டர், ஓரப்பட்டிக்கு 30 சென்டிமீட்டர். நடுவில் வைக்க 40 அங்குலச் சதுரத்தில் மெல்லிய பருத்திப் பஞ்சு விரிப்பு. பேட்டிங் என்று கேட்டால் கொடுப்பார்கள். தடிமனான பஞ்சு பார்க்கப் புசுபுசுவென்று ஆசையாக இருக்கும். ஆனால் கையால் தைக்கும்போது ஊசி இறங்காது, வெயில் ஏறும் பருவத்தில் மடியில் வைத்துத் தைக்கவும் முடியாது.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் பிடித்த துணியாகவே ஏழையும் எடுப்பார்கள். எல்லாம் நடுத்தர நிறமாக அமைந்து, தைத்த பிறகு தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் பிரிந்து தெரியாது. ஏழில் குறைந்தது இரண்டு நன்றாக வெளிறியதாகவும், குறைந்தது ஒன்று நன்றாக அடர்ந்ததாகவும் இருக்கட்டும். துணிகளை அடுக்கி வைத்து ஃபோனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எது வெளிர், எது அடர் என்பது உடனே தெரிந்துவிடும்.

நிறம் என்றதும் எனக்கு கெர்ட்ரூட் ஜீக்கில் நினைவுக்கு வருகிறார். 1843-இல் பிறந்து 1932-இல் மறைந்த இந்த ஆங்கிலப் பெண்மணி முதலில் ஓவியராகவும் எம்பிராய்டரிக் கலைஞராகவும் இருந்தவர். கிட்டப்பார்வை மோசமாகி நுண்ணிய வேலை செய்ய முடியாமல் போனபோது முழு மனதோடு தோட்டத்துக்குத் திரும்பினார். ஏறக்குறைய 400 தோட்டங்களை வடிவமைத்தார். நீண்ட மலர்ப் பாத்தியின் ஒரு முனையில் நீலம், சாம்பல், வெளிர் மஞ்சள் என்று குளிர்ந்த நிறங்களில் தொடங்கி, நடுவில் ஆரஞ்சும் சிவப்புமாக உச்சத்துக்குப் போய், மறுமுனையில் மீண்டும் குளிர்ந்த நிறங்களில் முடிப்பது அவருடைய புகழ்பெற்ற முறை. நம் ஏழு வரிசைக்கும் அது அப்படியே பொருந்தும். நாலாவது வரிசையைச் சூடான நிறமாக வைத்து, மேலும் கீழும் போகப் போகத் தணியுங்கள். அலங்கோலமாகிவிடுமோ என்ற பயமில்லாமல் எந்தத் துணியையும் சேர்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

வாங்கி வந்ததும் எல்லாத் துணியையும் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். சுருங்குவது முதலிலேயே சுருங்கிவிடும், சாயம் விடுவது எது என்றும் தெரிந்துவிடும். நனைத்ததில் 15 சென்டிமீட்டர் துணியும் சற்றுக் குறையும் என்பதால் அளந்து பார்த்துவிட்டு வெட்டத் தொடங்குங்கள்.

வெட்டுவதும் இணைப்பதும்

விதைத் தொட்டிகள் ஜன்னலோரம் வந்துவிட்ட வாரம் இதற்குச் சரியான நேரம். சக்கரக் கத்தியும் வெட்டுப் பலகையும் இருந்தால் வேலை வேகமாகும். இல்லாவிட்டால் அட்டையில் 5 அங்குலச் சதுரம் ஒன்றை மிகச் சரியாக வெட்டி, அதை வைத்துப் பென்சிலால் வரைந்து கத்தரிக்கலாம். சதுரத்தின் பக்கங்கள் துணியின் இழை ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். இழைக்குக் குறுக்கே சாய்ந்து வெட்டிய துண்டு தைக்கும்போது இழுபட்டு, சதுரமாக நிற்காது.

குயில்ட்டில் எல்லாத் தையலும் ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டு ஓடும். 5 அங்குலச் சதுரம் தைத்து முடித்ததும் 4½ அங்குலமாகத் தெரியும். எட்டுச் சதுரம் சேர்ந்தால் 36 அங்குலம். இந்தக் கால் அங்குலம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. தையல் வெறும் அரைக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 1/16 அங்குலம் உள்ளே தள்ளி ஓடினால், ஒவ்வொரு இணைப்பிலும் இருபக்கமும் சேர்த்து 1/8 அங்குலம் குறையும். ஒரு வரிசையில் 7 இணைப்பு. மொத்தம் 7/8 அங்குலம். ஒரு வரிசை அப்படியும் அடுத்தது சரியாகவும் இருந்தால் இரண்டும் எப்படிச் சேரும்?

தையல் மெஷினின் பாதத்து விளிம்பை நம்பித் தைக்காதீர்கள். பல மெஷின்களில் அது கால் அங்குலத்தைவிட அகலம். ஒரு சிறு சோதனை இருக்கிறது. 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டிப் பக்கம் பக்கமாக இணைத்து, இஸ்திரி போட்டு, நடுப் பட்டையை அளந்து பாருங்கள். சரியாக 1 அங்குலம் இருந்தால் உங்கள் தையல் சரி. குறைந்தால் ஓரத்தை நோக்கிக் கொஞ்சம் நகர்த்துங்கள். கூடினால் உள்ளே தள்ளுங்கள். சரியான இடம் கிடைத்ததும் மெஷினின் தளத்தில் ஒரு டேப் துண்டை ஒட்டி வைத்துக்கொண்டால் பருவம் முழுக்க அது வழிகாட்டும். கையால் தைப்பவர்கள் பென்சிலால் கால் அங்குலக் கோடு போட்டு, அதன்மேல் சின்னச் சின்ன ஓட்டுத் தையலாகப் போகலாம். ஐந்தாறு தையலுக்கு ஒருமுறை ஒரு பின்தையல் (பின்னோக்கிப் போடும் தையல்) போட்டால் பிரியாது.

இணைக்கும் வரிசை இது:

1. இரண்டு சதுரத்தின் நல்ல பக்கங்களை ஒன்றையொன்று பார்க்க வைத்து ஒரு பக்கம் தையுங்கள். நூலை வெட்டாமல் அடுத்த ஜோடியை அப்படியே பாதத்தின் அடியில் கொடுங்கள். ஜோடிகள் தோரணம்போல் கோத்துக்கொண்டு வரும், பிறகு வெட்டிக்கொள்ளலாம். நேரமும் நூலும் மிச்சம்.

2. ஜோடிகளைச் சேர்த்து எட்டுச் சதுர வரிசையாக்குங்கள்.

3. இஸ்திரி போடும்போது பெட்டியை இழுக்காதீர்கள், தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள். முதல் வரிசையின் தையல் மடிப்பெல்லாம் வலப்பக்கம் சாயட்டும், இரண்டாவது வரிசையில் இடப்பக்கம், மூன்றாவதில் மறுபடி வலப்பக்கம்.

4. இரண்டு வரிசையை முகத்தோடு முகம் வைத்துச் சேர்க்கும்போது, எதிரெதிராகச் சாய்ந்த மடிப்புகள் ஒன்றோடொன்று முட்டி நிற்பது விரல் நுனிக்கே தெரியும். அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தைத்தால் நாலு மூலையும் ஒரே புள்ளியில் சந்திக்கும்.

ஏழு வரிசையும் சேர்ந்ததும் மடித்து எடுத்து வையுங்கள். ஜன்னலோர வெயிலில் விரித்து வைக்க வேண்டாம், நிறம் வெளுத்துவிடும்.

பாத்தி

பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை. இரு பக்கத்திலிருந்தும் கை எட்டும்படி 1 மீட்டர் அகலத்தில் ஒரு பாத்தி, அல்லது 30 சென்டிமீட்டர் வாயுள்ள நாலு தொட்டி. நாளுக்கு 6 மணி நேரமாவது வெயில் படும் இடம்.

மண் தயாரா என்பதைக் கையால்தான் அறிய வேண்டும். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்து, கையைத் திறந்து கட்டைவிரலால் மெல்லக் குத்துங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் கொத்தலாம். பிசுபிசுவென்று உருண்டையாகவே நின்றால் இன்னும் ஈரம் அதிகம். அப்போது கொத்தினாலும் மிதித்தாலும் மண்ணிலுள்ள காற்றிடைவெளி நசுங்கி, காய்ந்ததும் கட்டி கட்டியாக இறுகிவிடும். அந்தப் பருவம் முழுக்க வேர் அதற்குள் திணறும். உருண்டை உதிராத நாளில் ஊசியை எடுங்கள்.

பக்குவமான மண்ணைக் கிளறி, மேலே 3 முதல் 5 சென்டிமீட்டர் மக்கிய உரம் பரப்பி லேசாகக் கலந்துவிடுங்கள். நாஸ்டர்டியம் போடும் மூலைக்கு மட்டும் உரம் வேண்டாம். வளமான மண்ணில் அது இலையாகத் தழைக்குமே தவிர அதிகம் பூக்காது. விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் விதைப்பது பொது விதி. தூசுபோன்ற விதைகளை மண்ணின் மேலேயே தூவி அழுத்திவிட்டால் போதும்.

ஜன்னலோர நாற்றுகள் வெளிச்சம் போதாமல் நெட்டையாக வளரத் தொடங்கினால் தொட்டியைத் தினமும் திருப்பி வையுங்கள். ஊற்றும் தண்ணீரை அடியிலுள்ள தட்டில் ஊற்றுங்கள். மேல்மண் எப்போதும் ஈரமாக இருந்து காற்றோட்டமும் இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து, தண்டு மண்மட்டத்தில் அழுகி, ஒரே இரவில் நாற்றெல்லாம் சாய்ந்துவிடும். வெளியே நடுவதற்கு முன் ஏழு முதல் பத்து நாள் பழக்க வேண்டும்: முதல் நாள் நிழலில் ஓரிரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலும் காற்றும், கடைசியில் இரவிலும் வெளியே. இந்தப் பத்து நாளும் தொட்டிகளைத் தூக்கி வைப்பதற்கும் எடுப்பதற்கும் வீட்டிலேயே இருக்க வேண்டியிருக்கும் அல்லவா? எம்பிராய்டரி தொடங்க அதுதான் சமயம்.

எட்டாவது வரிசை

பூ வரும்வரை காத்திருக்காதீர்கள். முதல் சதுரம் வித்திலையாக இருக்கட்டும். முள்ளங்கி முளைத்து வரும்போது இரண்டு வித்திலைகளும் இதய வடிவில் விரியும். ஒரு சிறு தண்டு, இரண்டு இதயம். முதல் எம்பிராய்டரிக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் எங்கே கிடைக்கும்? அடுத்தது பட்டாணியின் பற்றுக்கொடி, பிறகு நாஸ்டர்டியம் இலை, அதன் பிறகு பூக்கள். விதையிலிருந்து பூ வர வசந்தமே முடிந்துவிடும் என்பதால், பூத்த நிலையிலேயே கிடைக்கும் வயோலா நாற்று ஒன்றிரண்டை வாங்கித் தொட்டியில் வைத்தால் பருவத்தின் தொடக்கத்திலேயே தைக்கப் பூ கிடைக்கும்.

வெளிர்த் துணியை 8 அங்குலச் சதுரங்களாக வெட்டுங்கள். குயில்ட்டுக்கு 5 அங்குலம்தான் வேண்டும் என்றாலும், 6 அங்குல வளையத்தில் இறுக்கிப் பிடிக்க ஓரம் தேவை. நடுவில் 5 அங்குலச் சதுரத்தைப் பென்சிலால் மெல்லக் குறித்து, உருவம் அந்தக் கோட்டிலிருந்து எல்லாப் பக்கமும் முக்கால் அங்குலமாவது உள்ளே அடங்கும்படி வரையுங்கள். ஓரம் வரை வரைந்தால் இணைக்கும் தையலுக்குள் பூவின் நுனி போய்விடும்.

செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளில் முதலில் வரையுங்கள். ஓவியம் வராது என்பவர்கள் ஓர் இலையைப் பறித்துத் தாளின்மேல் வைத்துச் சுற்றி வரைந்துகொள்ளலாம். பகல் நேரத்தில் ஜன்னல் கண்ணாடியில் அந்தத் தாளை ஒட்டி, மேலே துணியை வைத்தால் கோடு தெரியும், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தண்ணீரில் அழியும் பேனா பயன்படுத்தினால், தைத்து முடித்துக் குளிர்ந்த நீரில் அலசிய பிறகே இஸ்திரி போட வேண்டும். சூடு பட்டால் அந்தக் கோடு துணியிலேயே நிலைத்துவிடக்கூடும்.

எம்பிராய்டரி நூல் ஆறு இழை சேர்ந்தது. நமக்கு இரண்டு இழை போதும். முழங்கையிலிருந்து விரல்நுனி வரையிலான நீளத்துக்கு, ஏறத்தாழ 45 சென்டிமீட்டர், வெட்டிக்கொள்ளுங்கள். அதைவிட நீண்டால் சிக்கு விழும், துணிக்குள் போய்ப் போய் வந்து நூல் நைந்தும்விடும். இரண்டு இழையையும் சேர்த்து உருவாதீர்கள். ஒவ்வொன்றாக உருவி, பிறகு சேர்த்து ஊசிக் காதில் கோத்தால் நூல் படிமானமாக விழும். ஊசியில் எண் கூடக் கூட மெலிதாகும். இரண்டு இழைக்கு 7 அல்லது 8-ஆம் எண் சரி. சிவப்பு, அடர்நீல நூல்களை முதலில் ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிடுங்கள், சாயம் விடும் நூல் குயில்ட்டையே கெடுத்துவிடும்.

தையல் வகைகள் நாலு தெரிந்தால் தோட்டத்தில் பெரும்பாலானவற்றைத் தைத்துவிடலாம். தண்டுக்கும் கோட்டுக்கும் காம்புத் தையல்: ஒவ்வொரு தையலும் முந்தையதன் பாதியிலிருந்து கிளம்பும், நூல் எப்போதும் கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். பக்கம் மாறினால் முறுக்கு கெட்டுவிடும். 11-ஆம் நூற்றாண்டில் லினன் துணியில் கம்பளி நூலால் தைத்த, ஏறக்குறைய 70 மீட்டர் நீளமுள்ள பாயூ சித்திரத் துணியில் உருவங்களின் கோடுகளையும் எழுத்துகளையும் பெரும்பாலும் இந்தத் தையலால்தான் போட்டிருக்கிறார்கள். மற்ற மூன்றில், இதழுக்கு லேசி டெய்சி, அதாவது சங்கிலித் தையலின் ஒரே கண்ணியைத் தனியாகப் போட்டு நுனியில் ஒரு சிறு தையலால் பிடிப்பது. இலையையும் அகன்ற இதழையும் நிரப்ப சாட்டின் தையல், அதாவது நேரான தையல்களை இடைவெளியில்லாமல் அடுத்தடுத்துப் போடுவது. மகரந்தத்துக்கு பிரெஞ்ச் முடிச்சு. முடிச்சில் பலரும் தடுமாறுவார்கள். நூலை ஊசியில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, ஊசியை வெளியே வந்த அதே துளையில் விடாமல் ஓரிரு இழை தள்ளி இறக்கி, நூல் முழுதும் உள்ளே போகும்வரை இடது கையால் இழுத்துப் பிடித்திருந்தால் முடிச்சு மேலேயே நிற்கும்.

நாஸ்டர்டியம் இலையை மட்டும் நிதானமாகப் பாருங்கள். பெரும்பாலான இலைகளுக்குக் காம்பு ஓரத்தில் சேரும். இதற்கு அடிப்பக்கத்தில் நடுவுக்குச் சற்றே தள்ளிச் சேர்கிறது. அந்த ஒரு புள்ளியிலிருந்து வெளிறிய நரம்புகள் நாலா பக்கமும் விரிந்து ஓடுகின்றன. மேலே தண்ணீர் பட்டால் ஒட்டாமல் மணியாக உருளும். தைக்கும்போது முதலில் இலை முழுவதையும் நிரப்பிவிட்டு நரம்பை மேலே போடாதீர்கள். அந்தப் புள்ளியைக் குறித்து, வெளிர்ப் பச்சையில் ஒற்றை இழையால் நரம்புகளை முதலில் நேர்த்தையலாகப் போட்டு, இடையில் இரண்டு பச்சைகளை மாற்றி மாற்றி நிரப்புங்கள். புள்ளி மிகச் சரியாக நடுவில் இருந்தால் இலை சக்கரமாகிவிடும். கொஞ்சம் ஒதுங்கியிருந்தால்தான் உயிர் வரும்.

நூலின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் தேர்ந்தெடுங்கள். மஞ்சள் விளக்கில் பச்சைகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

தோட்டத்துக் கையும் தையல் கையும்

மூன்று வேலையையும் ஒன்றாகச் செய்பவர்களுக்கு வரும் உண்மையான இடைஞ்சல் இதுதான். மண்ணில் வேலை செய்த விரல்கள் காய்ந்து சொரசொரப்பாகும். அதில் எம்பிராய்டரி நூல் சிக்கிச் சிக்கிப் பிசிறடிக்கும். தோட்டத்தில் மெல்லிய கையுறை போடுங்கள். விதை தூவ விரல் வேண்டும் என்று கழற்றினாலும், வேலை முடிந்ததும் நகத்துக்குள் இருக்கும் மண்ணை மென்தூரிகையால் தேய்த்துக் கழுவி, நக ஓரங்களை அரத்தால் வழவழப்பாக்கிவிடுங்கள். க்ரீம் தடவுவது இரவில் படுக்கப் போகும்போது. தைப்பதற்கு முன் தடவினால் வெளிர்த் துணியில் எண்ணெய்ப் பசை இறங்கிவிடும். காலையில் தண்ணீர் ஊற்றும் வேலை, மாலையில் தையல் என்று நேரத்தைப் பிரித்துக்கொள்வதும் நல்லது. காலையில் ஊற்றினால் இலைகளும் வெயிலில் உலர்ந்து பூஞ்சை வராது.

மே மாதத்து வெயில் ஏறும்போது, தென்கோளத்தில் நவம்பரில், செடிகளைச் சுற்றி 5 சென்டிமீட்டருக்கு மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த இலை, வைக்கோல் போன்றவை) போடுங்கள், தண்டை ஒட்டாமல். காஸ்மாஸ், ஜினியா, ஸ்வீட் பீ ஆகியவற்றில் மூன்று நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விட்டுப் பூ அதிகமாகும். ஸ்வீட் பீ பூக்களைத் தயங்காமல் பறியுங்கள். காய் பிடித்து விதை முற்றிவிட்டால் அந்தக் கொடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பறித்த பூவை ஒரு கிளாஸில் வைத்தால் மழை நாளில் பார்த்துத் தைக்கவும் ஆகும்.

மூன்று அடுக்கும் ஒன்றாக

எம்பிராய்டரிச் சதுரங்களை அலசி, தடிமனான துண்டின்மேல் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கமாக இஸ்திரி போட்டால் முடிச்சுகள் நசுங்காது. உருவம் நடுவில் வரும்படி 5 அங்குலத்துக்குக் கத்தரித்து, எட்டாவது வரிசையாக இணைத்துக்கொள்ளுங்கள்.

அடித்துணியை 40 அங்குலச் சதுரமாக வெட்டி, நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, சுருக்கம் போக நீவி ஓரங்களை டேப்பால் தரையில் ஒட்டுங்கள். இறுக்கி இழுக்க வேண்டாம்; பிறகு சுருங்கிக்கொள்ளும். மேலே பஞ்சு விரிப்பு, அதன்மேல் தைத்த மேல்துணி. நடுவிலிருந்து தொடங்கி உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்காகக் குத்திக்கொண்டே வெளியே போங்கள். ஊக்கு இல்லையென்றால் பெரிய தையலாக நூலோட்டிக்கொள்ளலாம்.

பஞ்சு விரிப்பின் உறையில், தையல் வரிகள் அதிகபட்சம் எத்தனை அங்குல இடைவெளியில் இருக்கலாம் என்று போட்டிருப்பார்கள். அதை மீறினால் துவைக்கத் துவைக்க உள்ளே பஞ்சு திரண்டுவிடும். ஒவ்வொரு இணைப்பிலிருந்தும் இருபக்கமும் கால் அங்குலம் தள்ளி ஒரு வரி தைத்தால் சதுரத்துக்குள் இடைவெளி 4 அங்குலம் வரும். பெரும்பாலான பருத்திப் பஞ்சுக்கு அது போதும். பெர்ல் 8 என்ற சற்றுத் தடித்த பருத்தி நூலில் ஓட்டுத் தையல், அங்குலத்துக்கு ஐந்தாறு தையல். நூலின் முடிச்சை மேல்துணி வழியாக 'டப்' என்று உள்ளே இழுத்தால் அது பஞ்சுக்குள் ஒளிந்துகொள்ளும். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கியே தையுங்கள். ஓரத்திலிருந்து வந்தால் நடுவில் துணி பொங்கி நிற்கும். எம்பிராய்டரிச் சதுரங்களில் பூவின்மேல் தைக்காமல் அதைச் சுற்றி ஒரு வரி ஓட்டினால் பூ மேலெழுந்து தெரியும். இந்தக் கைவேலைக்கு நாளாகும். ஆகட்டும். சிறிய குயில்ட், மெல்லிய பஞ்சு என்பதால் வெளியே நிழலில் உட்கார்ந்தும் தைக்கலாம்.

முடிந்ததும் மிஞ்சிய பஞ்சையும் அடித்துணியையும் மேல்துணியோடு சமமாகக் கத்தரியுங்கள். ஓரப்பட்டிக்கு 2½ அங்குல அகலத்தில் 4 பட்டை வெட்டி, முனைகளைச் சாய்வாக இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். மடிக்காத ஓரத்தைக் குயில்ட்டின் ஓரத்தோடு சேர்த்து முன்பக்கத்தில் கால் அங்குலத்தில் தையுங்கள். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, பட்டியை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, மறுபடி கீழே இறக்கி அடுத்த பக்கத்தைத் தொடங்கினால் மூலை கூர்மையாக விழும். பிறகு பட்டியைப் பின்பக்கம் புரட்டி, கையால் நுணுக்கமாகத் தைத்துவிடுங்கள். பின்னால் ஒரு மூலையில் உங்கள் பெயரையும் ஆண்டையும் எட்டுச் செடிகளின் பெயரையும் பின்தையலில் எழுதிவையுங்கள்.

முதல் முறை தனியாக, குளிர்ந்த நீரில், மென்மையான சோப்பில் அலசுங்கள். ஒரு வெள்ளைத் துணித் துண்டையும் கூடவே போட்டால் சாயம் எங்காவது விடுகிறதா என்று அதிலேயே தெரியும். அப்படி விட்டிருந்தால் காயவிடாமல் உடனே மறுபடி அலசுங்கள். காய்ந்த சாயம் போவது கடினம். ஈரமான குயில்ட்டைக் கொடியில் தொங்கவிட்டால் நீரின் எடை தையலை இழுக்கும். நிழலில் ஒரு பழைய விரிப்பின்மேல் பரப்பிக் காயவிடுங்கள். பருத்திப் பஞ்சு முதல் நனைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்குவதால் குயில்ட் ஓர் அங்குலத்துக்கும் சற்று மேல் குறைந்து, தையல் வரிகளுக்கு இடையே சின்னச் சின்னச் சுருக்கங்கள் விழும். அதைப் பார்த்து இஸ்திரி போட்டுவிடாதீர்கள், குயில்ட் அப்படித்தான் இருக்க வேண்டும்.